அம்மாவின் வாய், டீவிக்காரம்மாவின் குரல்

நாமெல்லாம் டீவி பார்த்த நேரத்தைவிட ஏரியலைத் திருப்பிக்கொண்டு நின்ற நேரம்தான் அதிகம் என்று சொன்னால், கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் என்னோடு வளர்ந்தவர்கள் சிரிப்பீர்கள். ஒருத்தர் கூரையில், ஒருத்தர் வாசலில், ஒருத்தர் டீவிக்கு முன்னால். "தெரியுதா?" "இன்னும் கொஞ்சம்!" "இப்ப?" "ஐயோ, போச்சு!" இப்படியே ஒரு சாயங்காலம் போய்விடும்.

கண்டிக்கு மேலே ஒரு மலையில் கம்பம் நட்டு, நம் பக்கத்துக்கென்றே அரசாங்கம் நடத்திய அந்தச் சின்ன டீவி நிலையத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. என் பிள்ளைகளிடம் சொன்னால், "அம்மா கனவு கண்டிருப்பீங்க" என்கிறார்கள். கொழும்பு டீவி நமக்குப் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. இது பளிச்சென்று வந்தது. ஆனால் பேராதனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான் இதன் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. மாட்டுக் காய்ச்சல், மண்சரிவு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாம் அதில் வரும். மற்ற நாளெல்லாம் சிங்களம். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் ஒரு மணித்தியாலம் தமிழ்.

எங்கள் தோட்டத்துக்கு இருந்தது ஒரேயொரு டீவி. அதையும் புள்ளக்காம்பராவில்தான் வைத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. பகலில் தொட்டில்கள் ஆடும். புதன்கிழமை சாயங்காலம் தொட்டில் துணிகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு, கீழே நாங்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருவோம். பால்மாவும் மூத்திரத் துணியும் கலந்த ஒரு வாடை அங்கே எப்போதும் இருக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாடை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் புதன்கிழமை நிகழ்ச்சியை நடத்தியவரை நாங்கள் டீவிக்காரம்மா என்போம். யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ" என்று அவர் பேசும்போது எங்களுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். எங்கள் பள்ளிக்கூட டீச்சர்மாரும் அப்படித்தான் பேசுவார்கள். ஆகையால் அது படித்தவர்களின் தமிழ், எங்களுடையது தோட்டத்துத் தமிழ் என்று யாரும் சொல்லித்தராமலே முடிவு கட்டியிருந்தோம். கண்டிக்குப் போனால் கடையில் வாயைத் திறக்கவே கூச்சப்படுவோம். நீங்களும் அப்படித்தானே இருந்தீர்கள்? இப்போது மட்டும் பெருமை பேசுகிறோம்.

எனக்கு ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்க ஆசைப்பட்ட முதல் ஆள். அவள் பரீட்சை நன்றாகச் செய்துவிட்டு, கண்டியில் மேலே படிக்கப் போகிறேன் என்று கனவு கண்டுகொண்டிருந்த வாரத்தில், அப்பா அவளுக்குத் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டு வந்தார். "திங்கக்கெழம கூடையத் தூக்கிக்கிட்டுப் போற. அவ்வளவுதான்" என்றார். அக்கா முடியாது என்றாள். எங்கள் வீட்டில் அப்பாவைப் பார்த்து அந்தச் சொல்லை யாரும் அதுவரை சொன்னதில்லை.

அப்பா அவளுடைய புத்தகங்களை அள்ளிக்கொண்டுபோய், மழைத்தண்ணீர் ஓடிய கானில் எறிந்தார். கொப்பிகள் மிதந்து போயின. அவளுடைய நீல நிறக் கொம்பாஸ் பெட்டி மட்டும் டணாரென்று கல்லில் பட்டு உள்ளே போனது. "படிப்புத்தான் பெருசுன்னா இந்த வாசலப் பொறவு மிதிக்காத!" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினார். அடுத்த நாள் காலை அக்கா இல்லை. முதல் பஸ்ஸில் ஏறிப் பேராதனையில் இறங்கியதாகக் கொண்டக்டர் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அம்மா இரண்டு ஞாயிற்றுக்கிழமை பேராதனைக்குப் போய், சந்தியிலிருந்து ரயில் நிலையம் வரை அலைந்துவிட்டு, கால் வீங்கித் திரும்பி வந்தாள். மூன்றாவது தடவை அப்பா தடுத்துவிட்டார். அவள் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக்கூடாது என்றார். எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒன்றரை வருசம் எங்கள் வீட்டில் அக்கா என்ற சொல்லே கிடையாது. நான்கூட மனதுக்குள்ளேதான் சொல்லிக்கொள்வேன்.

பிறகு அப்பாவுக்கு நெஞ்சில் வருத்தம், அதாவது நோய், வந்தது. தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியைத் தூக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "மூத்தவ எழுத்து இருக்கே, கவ்வாத்து வெட்டுன மல மாதிரி ஒரே மட்டமா இருக்கும்" என்றார். அம்மா அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். அன்றைக்குத் திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. காலையில் அக்கா, மத்தியானம் அக்கா, படுக்கப் போகும்போது அக்கா. ஒருநாள் தலையணைக்கு அடியிலிருந்து நீலக் கொம்பாஸ் பெட்டியை எடுத்தார். எப்போதோ கான் வெட்டப் போனபோது கண்டெடுத்து, மண்ணைத் துடைத்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். மூடி துருப்பிடித்துச் சரியாகத் திறக்காது. அதைத் திறப்பதும் மூடுவதுமாக, என்னைப் பக்கத்தில் இருத்தி அக்கா கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கோ ஒன்பது வயது. சலித்துப்போகும். "எந்நேரமும் அக்கா கததானா?" என்று எழுந்து விளையாட ஓடிவிடுவேன். ஓடியிருக்கக்கூடாது.

அந்த ஆடி மாதத்தில்தான் டீவிக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்தார்கள். புதிதாகப் போட்ட தண்ணீர்க் குழாயைப் படம்பிடிக்க ஒரு வேன் வந்தது. அதில் டீவிக்காரம்மா, சிங்களக் கெமராக்காரர், டிரைவர் மூன்று பேர். ஆடிக் காற்று உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அன்றைக்குத் தகரக் கூரை பறக்கப் பார்த்தது. டீவிக்காரம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெண்களிடம் குழாயைப் பற்றிக் கேட்டார். எல்லாரும் "நல்லா வருதுங்க" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். உண்மையில் அது வேன் வந்த அன்றைக்குத்தான் நல்லாக வந்தது.

நிகழ்ச்சியின் கடைசியில் யாராவது ஒருவர் தூரத்திலிருக்கும் சொந்தக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல விடுவார்கள். "ஆர் சொல்லப் போறீங்கள்?" என்று டீவிக்காரம்மா கேட்டதும், ஆளாளுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். கூட்டத்தில் யாரோடும் முகம் கொடுத்துப் பேசாத என் அம்மா, கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்னால் வந்தாள். நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு அழுத்திய தடம் அப்படியே இருந்தது.

கெமராவை வைக்கும் முன்னால் டீவிக்காரம்மா அம்மாவைத் தனியே அழைத்து, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே விசாரித்தார். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது.

"மகள் ஏன் அம்மா போனவ? அப்பா பேசினவரோ?"

"மொதல்ல வாயே தொறக்க மாட்டாருங்க. இப்ப எந்நேரமும் அவளத்தான் பேசிக்கிட்டிருக்காரு."

"இன்னுமோ?"

"ஆமாங்க. படுத்த படுக்கையிலயும் அவளத்தான்."

டீவிக்காரம்மாவின் முகம் வாடிவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்து, "நீங்கள் பயப்பிடாமல் சொல்லுங்கோ" என்றார். கெமராவுக்குப் பயப்பட வேண்டாம் என்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

அம்மா கெமராவைப் பார்க்காமல், அதற்குப் பின்னால் தெரிந்த பேராதனைப் பக்கத்து மலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஏம் புள்ள, அப்பாவுக்கு முடியல. ஒன்னத்தான் பேசிக்கிட்டே இருக்காரு. ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ தாயி." அவ்வளவுதான். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது. கெமராக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, "ஹுளங்க, ஹுளங்க" என்று வானத்தைக் காட்டினார். காற்று என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். அம்மாவால் முடியவில்லை.

புதன்கிழமை வந்தது. அப்பா பகலே முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் தடவித் தலை சீவிக்கொண்டார். "நம்மளயும் அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "இல்லப்பா, அம்மா மட்டுந்தான் தெரியும்" என்றேன். "பரவாயில்ல" என்று சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். இரண்டு பேர் அவரை உட்கார்ந்த கதிரையோடு தூக்கிக்கொண்டுபோய்ப் புள்ளக்காம்பராவில் முன்வரிசையில் வைத்தார்கள். டீவிக்கு மாட்டியிருந்த கார் பெட்டரி இறங்கிவிடக்கூடாது என்று அன்று பகல் முழுக்க டீவியை யாரையும் தொடவிடவில்லை.

குழாய் வந்தது. சிரித்த பெண்கள் வந்தார்கள். பிறகு அம்மா வந்தாள். அவளுடைய வாய் அசைந்தது. ஆனால் வந்தது டீவிக்காரம்மாவின் குரல். காற்றுச் சத்தத்தில் அம்மாவின் பேச்சு எடுபடவில்லை என்று, அவரே நிலையத்தில் வைத்துத் தன் குரலில் சொல்லியிருக்கிறார். நிதானமாக, உருக்கமாகச் சொன்னார். "மகளே, அப்பாவுக்குச் சுகமில்லை. அவர் இன்னும் உன்னைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறார். அம்மாவுக்காக ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ."

புள்ளக்காம்பராவில் எல்லாரும் ஒரேயடியாக அழுதார்கள். அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரியாச் சொல்லிருச்சு அந்தம்மா" என்றார். அம்மாவுக்குத் தாங்கமுடியாத சந்தோசம். "நான் சொன்னத விட எவ்வளவு அழகா சொல்லிருச்சு பாத்தீங்களா" என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பார்ப்பவர்களிடம் கேட்டாள்.

அடுத்த நாளிலிருந்து அப்பா நாலு மணி பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். எங்கள் லயத்துக்குக் கீழே ரோட்டு வளைகிற முடக்கில் பஸ் நிற்கும். என் தோளைப் பிடித்துக்கொண்டு, நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கி, அதுவரை நடப்பார். சட்டைப் பையில் கொம்பாஸ் பெட்டி இருக்கும். பேராதனையிலிருந்து வரும் பஸ் முடக்கில் திரும்பும்போதே கொண்டக்டர் கையை வெளியே நீட்டி, இல்லை என்று ஆட்டுவார். நல்ல மனிதர். இறங்குகிறவர்களை எண்ணிப் பார்க்கும் சிரமத்தை அப்பாவுக்கு வைக்காமல் தூரத்திலேயே சொல்லிவிடுவார். அப்படியும் அப்பா கடைசி ஆள் இறங்கும்வரை நிற்பார்.

ஐப்பசி மழை தொடங்கியதும் நடை நின்றது. ஒருநாள் அப்பா, "அவளுக்கு எம் மேல கோவம் தீரல போல. நியாயந்தான்" என்றார். அதோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார். மாதக் கடைசியில் போய்விட்டார். கொம்பாஸ் பெட்டியை அம்மா அவர் கைக்குள் வைத்தே மண்ணுக்குள் அனுப்பினாள். அது இன்று என்னிடம் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பன்வில தோட்டத்தில் மாமா வீட்டுக்குப் போனாள். நான் படித்தேன். அக்காவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது. கண்டியிலேயே தமிழ் டீச்சராக முப்பது வருசம் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அம்மா கடைசிவரை ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "டீவியில அவ்வளவு சொல்லியும் வரலியே, அவ்வளவு கல் நெஞ்சா?" நானும் அப்படித்தான் நம்பினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அக்காவை நான் வெறுத்தேன்.

போன வருசம் என் மகள், வீட்டிலிருந்த ஒரே பள்ளிக்கூடப் படத்தைப் போனில் போட்டு, இந்த முகத்தை யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து பதில் வந்தது. ஒரு மாதத்தில் அக்காவே வந்து என் வாசலில் நின்றாள். நரைத்து, மெலிந்து, கண்ணாடி போட்டு, அப்பாவின் மூக்கோடு நின்றாள். நான் வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் கதையைச் சொன்னாள். பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் சேர்த்துவிட, பேராதனையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு படித்திருக்கிறாள். நல்ல மனிதர்களாம். சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தார்களாம். பிறகு அவர்கள் ஊருக்குப் போனபோது அவளும் போய், அங்கேயே வேலை, கலியாணம், பிள்ளைகள். தோட்டத்துக்கு இரண்டு கடிதம் போட்டாளாம். நாங்கள் அப்போது பன்வில போய்விட்டோம். பதில் வராததால் கோபம் என்று நினைத்துவிட்டாள். பிறகு சண்டை வந்து பாதையும் அடைபட்டுவிட்டது.

அவள் இப்போது யாழ்ப்பாணத்துப் பேச்சில் "ஓம்" என்றாள். "வாறன்" என்றாள். எனக்கு வந்ததோ பழைய தோட்டத்துப் பேச்சு. அவளைக் கண்டதும் நான் படித்த தமிழெல்லாம் எங்கோ போய்விட்டது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"சாகும்வரைக்கும் அப்பா என்னைப் பேசினவரோ?"

நான் அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டுமென்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "ஆமாக்கா. கடைசிவரைக்கும் ஒன்னத்தான் பேசிக்கிட்டிருந்தாரு."

அவள் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "அண்டைக்கு அந்த வீட்டில எல்லாரும் இருந்து ரீவீ பாத்தனாங்கள். அம்மாவைக் கண்டோடன நான் எழும்பிட்டன். அடுத்த பஸ்ஸில வெளிக்கிட்டிருப்பன். ஆனா அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார் எண்டு சொல்லிச்சினம். சுகமில்லாத மனிசன், என்னைக் கண்டா இன்னும் கோவம் ஏறும், வருத்தம் கூடும் எண்டு நினைச்சன். கோவம் ஆறட்டும், பிறகு போவம் எண்டு இருந்திட்டன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவரைப் பேசுவதென்றால் ஏசுவது. சும்மா பேசுவதற்கு அவர்கள் கதைப்பது என்பார்கள். இதை ஆசிரியர் அறையில் வைத்து எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம்! வகுப்பில் பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தப் புதன்கிழமையோடு அதை ஒருநாளும் சேர்த்துப் பார்க்கவில்லையே! டீவிக்காரம்மா கேட்டது அப்பா ஏசினாரா என்று. அம்மா சொன்னது அப்பா அவள் நினைவாகவே இருக்கிறார் என்று. அந்தம்மா பாவம், அப்பா இன்னும் ஏசிக்கொண்டே இருக்கிறார், அப்படியும் இந்தத் தாய் மகளைக் கூப்பிடுகிறாள் என்று மனம் இளகி, "அம்மாவுக்காக" என்று ஒரு சொல்லைத் தானாகச் சேர்த்திருக்கிறார். அம்மாவின் குரலில் அது வந்திருந்தால் அக்காவுக்கு விளங்கியிருக்கும். காற்று கெடுத்துவிட்டது.

நான் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். நாலு மணி பஸ், கழுத்துவரை போட்ட பொத்தான், கொம்பாஸ் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. சொல்லியிருக்கக்கூடாதோ என்று இன்றைக்கும் சில நேரம் தோன்றுகிறது. அப்பா ஏசிக்கொண்டே இருந்தார் என்பதோடு அவள் இத்தனை வருசம் வாழ்ந்துவிட்டாள். இனி அப்பா அவளைத் தேடிக்கொண்டே செத்தார் என்பதோடு வாழவேண்டும்.

அக்கா அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு வாயைத் திறந்தபோது, வந்தது எங்கள் லயத்துப் பேச்சு.

"என்ன புள்ள பேசுனாரு என்னப் பத்தி?"

"ஒன் எழுத்து கவ்வாத்து வெட்டுன மல மாதிரி ஒரே மட்டமா இருக்கும்னாரு."

"பொறவு?"

"சின்னதுல மண்ணுல ஈர்க்குச்சியால அவரு பேர எழுதிக் காட்டுனியாம். அத மிதிக்காம சுத்திக்கிட்டுப் போனாராம்."

"பொறவு?"

"அட்ட கடிச்சா எல்லாப் புள்ளயும் கத்தும், மூத்தவ மட்டும் கத்தமாட்டா, எங்கிட்ட வந்து கால நீட்டுவான்னாரு."

"பொறவு?"

நான் யோசித்தேன். மாதக்கணக்காக, காலையும் மாலையும், என்னைப் பக்கத்தில் இருத்திச் சொன்னார். நான்தான் எழுந்து விளையாட ஓடிவிட்டேன். என்னிடம் இருந்தது இந்த மூன்றுதான்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லு புள்ள" என்றாள். "பொறவு?"